பெங்களூரு பலூனும் நல்லம்பள்ளி வெக்கையும்

(உழவர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடியிருந்த ஒரு கோடை மாலையில் தர்மபுரி மாவட்டம் நல்லம்பள்ளியில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



‘வயலில் விழுந்த மர்மப் பொருள், பொதுமக்கள் பீதி’ என்று பத்திரிகையில் அவ்வப்போது ஒரு செய்தி வரும். படித்திருப்பீர்கள். வெள்ளையாக ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பி, நீளமான நூல், நூலின் மறுமுனையில் கிழிந்த ரப்பர். போலீஸ் வரும். கிராம நிர்வாக அலுவலர் வருவார். பிள்ளைகளை யாரும் கிட்டே விடமாட்டார்கள். கடைசியில் விவரம் தெரிந்த ஒருவர், “இது வானிலைக்காரங்க பலூன்ல கட்டி விடுறதுங்க” என்று சொன்னதும் கூட்டம் கலையும். அப்படிப்பட்ட பெட்டிகளைக் கட்டி மேலே விடுவதுதான் பணி ஓய்வு பெறும்வரை என் பிழைப்பு. ஆகவே, உங்களில் யாருடைய தூக்கத்தையாவது என் பெட்டி கெடுத்திருந்தால், இந்த மேடையிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பெட்டிக்கு ரேடியோசோன்ட் என்று பெயர். ஹைட்ரஜன் நிரப்பிய பலூன் அதை நொடிக்கு ஏறக்குறைய 5 மீட்டர் வேகத்தில் தூக்கிக்கொண்டு போகும். போகிற வழியெல்லாம் காற்றின் வெப்பம், ஈரம், அழுத்தம் மூன்றையும் அளந்து ரேடியோ வழியாகக் கீழே சொல்லிக்கொண்டே போகும். அது எந்தத் திசையில் எவ்வளவு வேகமாக இழுத்துச் செல்லப்படுகிறது என்பதிலிருந்து காற்றின் வேகமும் தெரிந்துவிடும். மேலே போகப்போக வெளி அழுத்தம் குறைவதால் பலூன் ஊதிக்கொண்டே போய், 30 கிலோமீட்டருக்கு மேல் எங்கேயோ வெடிக்கும். அப்புறம் காற்று எங்கே தள்ளுகிறதோ அங்கே பெட்டி வந்து விழும். ஹைட்ரஜன் நிரப்பும் கொட்டகைக்குள் நைலான் சட்டையோடு போகக்கூடாது. ஒரு சின்னப் பொறி போதும். பருத்திச் சட்டை மட்டும்தான். என் வீட்டு அலமாரியில் இன்றைக்கும் வேறு சட்டை கிடையாது.

உலகம் முழுக்க ஒரே நேரத்துக்கு இந்த அளவுகள் எடுக்கப்படுகின்றன. நம் கணக்கில் காலை ஐந்தரை, மாலை ஐந்தரை. நம் சுற்றுவட்டாரத்தில் இந்திய வானிலை ஆய்வுத் துறை பலூன் விடுகிற இடங்கள் சென்னை மீனம்பாக்கம், காரைக்கால், பெங்களூரு. நல்லம்பள்ளியிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் சென்னை ஏறக்குறைய 250 கிலோமீட்டர், காரைக்கால் 225, பெங்களூரு 120. ஆக நமக்குப் பக்கத்துப் பலூன் பெங்களூருவில்தான். இந்த 120 கிலோமீட்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்றைக்குச் சொல்ல வந்த விஷயமே அதற்குள்தான் இருக்கிறது.

ரேடியோ வருவதற்கு முன்னாலும் இதைச் செய்தார்கள். ஆக்ராவில் 1914-இல் மேல்வளி ஆய்வுக்கூடம் ஒன்று தொடங்கினார்கள். பலூனில் கட்டி விடும் கருவி, ஒரு சின்ன உலோகத் தகட்டில் ஊசியால் வெப்பத்தையும் அழுத்தத்தையும் கீறிக்கொண்டே போகும். அது எங்கே விழுகிறதோ, அங்கே கிடைத்தவர் கொண்டுவந்து கொடுத்தால்தான் கணக்கு. கொடுத்தால் வெகுமதி உண்டு என்று சீட்டு எழுதிக் கட்டியிருப்பார்கள். நம் ஆள்கள் ‘மர்மப் பொருள்’ என்று பயப்படுகிற பெட்டியை அந்த நாளில் வடநாட்டு விவசாயிகள் காசாக்கியிருக்கிறார்கள்! இப்படிப்பட்ட பலூன் பதிவுகளை வைத்துக்கொண்டுதான் பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த வானிலையாளர் கே. ஆர். ராமநாதன், 1929-இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு படம் வெளியிட்டார். பூமியைச் சுற்றியுள்ள காற்றிலேயே பெரிய குளிர் துருவங்களுக்கு மேலே இல்லை, நம்மைப் போன்ற வெப்ப நாடுகளுக்கு மேலே, 17 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி ஒரு வளையம்போல இருக்கிறது என்று அந்தப் படம் காட்டியது. கீழே வெயில் கொளுத்துகிற ஊர்களின் தலைக்கு மேல்தான் உலகத்தின் பனிப்பெட்டி. அடுத்த வருஷம், 1930 ஜனவரி 30 அன்று, ரஷ்யாவின் பாவ்லோவ்ஸ்க்கில் வானிலையாளர் மொல்சானோவ் தம் ரேடியோசோன்டை மேலே அனுப்பினார். அதற்கப்புறம் தகட்டைத் தேடிப் போகிற வேலை இல்லாமல் போயிற்று.

சரி, மழைக்கு வருவோம்.

இந்தப் பக்கம் சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் ஒரு புழுக்கம் வரும். காற்று நின்றுபோகும். “இறுக்கமா இருக்கு, சாயங்காலம் மழை வரும்” என்பீர்கள். பல நாள் வருகிறது, சில நாள் ஏமாற்றுகிறது. டிவியில் கேட்டால் ‘வெப்பச்சலனத்தால் ஓரிரு இடங்களில்’ என்று ஒரே வாக்கியம். அந்த ஓரிரு இடம் எது என்பதுதான் உங்கள் கேள்வி, அதைத்தான் அவர்கள் சொல்வதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

‘ரொம்ப வெயில், அதனால் மழை’ என்று நினைப்பது பாதிதான் சரி. வெயில் தரையைச் சுடவைக்கிறது, தரை தன் மேலுள்ள காற்றைச் சுடவைக்கிறது, சூடான காற்று எழும்புகிறது. இதுவரை சரி. எழும்பிய காற்று எவ்வளவு தூரம் போகும்? அதைக் கீழேயுள்ள வெயில் தீர்மானிப்பதில்லை. வழியில் அது யாரைச் சந்திக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

நம் ஹைவேயில் பஞ்சர் கடைக்குப் போய்ப் பாருங்கள். காற்றடிக்கும் பம்பின் அடிப்பக்கம் சுடும். வால்வை அழுத்திவிட்டால் சீறிக்கொண்டு வருகிற காற்று சில்லென்று இருக்கும். அமுக்கினால் சூடு, விரித்தால் குளிர். மேலே போகிற காற்றும் விரிகிறது, ஆகவே தானாகக் குளிர்கிறது. ஈரம் தண்ணீராக மாறாதவரை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி வீதம் குளிரும். இந்த வீதம் தர்மபுரியிலும் ஒன்றுதான், டில்லியிலும் ஒன்றுதான்.

மேலேயுள்ள காற்றுக்கும் ஒரு வெப்பம் இருக்கிறது அல்லவா? அதற்கு இப்படி மாறாத கணக்கு எதுவும் இல்லை. ஒரு நாள் வேகமாகக் குறையும், ஒரு நாள் மெதுவாகக் குறையும். சில நாள் நடுவில் ஒரு சூடான அடுக்கு, பாத்திரத்துக்கு மூடி போட்டதுபோல உட்கார்ந்திருக்கும். தை மாதக் காலையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெல்லம் காய்ச்சுகிற கொட்டகையின் புகை கொஞ்சம் எழும்பி, அப்புறம் கயிறு கட்டி இழுத்ததுபோல ஒரே மட்டத்தில் பக்கவாட்டில் பரவிக் கிடக்கும். எழும்பிய புகை தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோய்விட்டது, அதனால் அங்கேயே நின்றுவிட்டது. இதை நாங்கள் ‘நிலையான வளிமண்டலம்’ என்போம். ஒரு பிடி காற்றை மேலே தள்ளினால் அது திரும்பி வந்துவிட்டால் நிலையானது. திரும்பாமல் இன்னும் மேலே ஓடினால் நிலையற்றது. பலூன் மேலே போவது, அந்த ஒரு பிடி காற்று வழியில் சந்திக்கப்போகிற சுற்றுக்காற்றின் சூட்டை முன்கூட்டியே எழுதிக்கொண்டு வருவதற்காகத்தான்.

இதில் ஈரம் எங்கே வருகிறது? தண்ணீரை ஆவியாக்க அடுப்பில் எவ்வளவு விறகு செலவாகிறது என்று தாய்மார்களுக்குத் தெரியும். அந்த விறகின் சூடு எங்கும் போய்விடவில்லை, ஆவிக்குள் ஒளிந்திருக்கிறது. மேலே போய்க் குளிர்ந்து ஆவி மறுபடி துளியாகும்போது அது வெளியே வந்துவிடும். ஒரு கிலோ ஆவி தண்ணீரானால் கிட்டத்தட்ட 25 லட்சம் ஜூல். மேகம் உருவானபிறகு எழும்புகிற காற்று கிலோமீட்டருக்குப் பத்து டிகிரி குளிர்வதில்லை, நம் ஊர் ஈரத்தில் நான்கு அல்லது ஐந்து டிகிரிதான் குளிரும். தன் அடுப்பைத் தானே சுமந்துகொண்டு மலையேறுகிறது என்று வையுங்கள். சுற்றுக்காற்று அதைவிட வேகமாகக் குளிர்ந்துகொண்டே போனால், எழும்புகிற காற்று எப்போதும் சுற்றியுள்ளதைவிடச் சூடாக இருக்கும். சூடானது நிற்காது. 15 கிலோமீட்டர், சில நாள் அதற்கும் மேல் போய்த்தான் தலை பரப்பும். வடமேற்கில் உலைக்களத்துப் பட்டடைபோலத் தலை தட்டையாக விரிந்து நிற்கிற கருமேகம் அதுதான்.

எண்ணில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை பாடத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். ஆனாலும் இந்த ஊரில் நடக்கக்கூடியவைதான்.

இரண்டு நாள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் மூன்று மணிக்கு நல்லம்பள்ளியில் 36 டிகிரி. இரண்டிலும் பலூன் 5.8 கிலோமீட்டர் உயரத்தில் மைனஸ் 5 டிகிரி என்று சொல்கிறது. வெயிலும் ஒன்று, மேல்வானமும் ஒன்று. வித்தியாசம் ஈரத்தில் மட்டும். காற்றின் ஈரத்தைப் ‘பனிநிலை’ என்று அளப்போம். எந்த வெப்பத்துக்குக் குளிர்ந்தால் காற்று பனியாகக் கசியத் தொடங்குமோ அது பனிநிலை. முதல் நாள் பனிநிலை 13, இரண்டாம் நாள் 20.

மேகத்தின் அடிமட்டத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. வெப்பத்துக்கும் பனிநிலைக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒவ்வொரு டிகிரிக்கும் 125 மீட்டர். முதல் நாள் வித்தியாசம் 23, மேகம் தொடங்க ஏறக்குறைய 2,900 மீட்டர் ஏறவேண்டும். அதற்குள் காற்று 8 டிகிரிக்கு இறங்கிவிடும். அப்புறம்தான் அடுப்பு பற்றிக்கொள்கிறது. 5.8 கிலோமீட்டருக்குப் போய்ச் சேரும்போது ஏறத்தாழ மைனஸ் 5. சுற்றியுள்ளதும் மைனஸ் 5. தள்ள ஆளில்லை, நின்றுவிடும். நீங்கள் அண்ணாந்து பார்த்தால் பஞ்சுப்பொதி மாதிரி நாலு வெள்ளை மேகம் தெரியும், அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் வித்தியாசம் 16. தரையிலிருந்து 2,000 மீட்டரிலேயே 16 டிகிரிச் சூட்டோடு மேகம் தொடங்கிவிடுகிறது. அதிலிருந்து மெதுவாகத்தான் குளிர்கிறது. 5.8 கிலோமீட்டரில் கிட்டத்தட்ட பிளஸ் 1. சுற்றியுள்ளது மைனஸ் 5. ஆறு டிகிரி வித்தியாசம்! இந்த வித்தியாசத்துக்கு ‘லிஃப்டட் இண்டெக்ஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சுற்றுக்காற்றின் வெப்பத்திலிருந்து ஏறிவந்த காற்றின் வெப்பத்தைக் கழிப்பார்கள். நமக்கு மைனஸ் 6 வருகிறது. அந்த எண்ணைப் பார்த்தால் நான் மொட்டைமாடித் துணியை எடுத்துவிடுவேன்.

ஒரே ஒரு மட்டத்தைப் பார்க்காமல், கீழிருந்து மேல்வரைக்கும் இந்த வித்தியாசத்தையெல்லாம் கூட்டிச் சொல்வது ‘கேப்’. மேகம் தொடங்கியபின் காற்றுக்குக் கிடைக்கக்கூடிய தள்ளுவிசையின் மொத்தம். ஒரு கிலோ காற்றுக்கு 2,000 ஜூல் இருந்தால், ஏட்டுக் கணக்கில் அது நொடிக்கு 63 மீட்டர் வேகத்தில் மேலே பாயும். நடைமுறையில் துளிகளின் பாரமும் பக்கத்துக் காற்றின் கலப்பும் பிடித்து இழுக்க, அதில் பாதி கிடைத்தாலே பெரிது. அந்தப் பாதி போதும், ஆலங்கட்டியை அந்தரத்தில் தூக்கிப் பிடித்து வளர்க்க. நம் ஊரில் நீர் உறையும் மட்டம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். அங்கிருந்து விழுகிற கட்டி சென்னைக்குப் போய்ச் சேர்வதற்குள் பெரும்பாலும் கரைந்துவிடும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டரை ஒட்டி இருப்பதால் அந்தக் கட்டிக்குக் கரைய வழி கொஞ்சம் குறைவு. தக்காளிக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது என் வீட்டுக் கதை ஒன்று. நல்லம்பள்ளிப் பக்கத்தில் எனக்குப் பெண் எடுத்த வீடு. ஒரு பங்குனி மாதம் வந்திருந்தபோது மைத்துனர் களத்தில் புளியை உடைத்துக் காயப்போட்டிருந்தார். “மாமா, மழை வருமா? நீங்கதான் பலூன்காரராச்சே” என்று கேட்டார். நான் செல்போனை எடுத்து அன்று காலை பெங்களூரு பலூனின் படத்தைப் பார்த்தேன். தரையை ஒட்டி வறண்ட காற்று. “வராது மாப்ளே, விரிச்சு வைங்க” என்றேன். நாலரை மணிக்குப் பிடித்த மழையில் களம் முழுக்கப் புளிக்கரைசல் ஓடியது. என் மனைவி அதற்கப்புறம் இரண்டு நாள் ரசமே வைக்கவில்லை. யாரையும் குறை சொல்ல வழியில்லை. பலூன் சரியாகத்தான் சொன்னது. படித்தவன் தப்பாகப் படித்தேன்.

எங்கே தப்பு? பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. நல்லம்பள்ளி ஏறக்குறைய அதில் பாதி உயரம். அங்கே பலூன் கிளம்புகிற இடமே நம் தலைக்கு மேல் 400 மீட்டரைத் தாண்டி இருக்கிறது. நாம் மூச்சு விடுகிற இந்த அடிக்காற்று, கிழக்கிலிருந்து சமவெளி வழியாக ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து மலைகளுக்கு நடுவே தேங்குகிற காற்று, அந்தப் பலூனின் பதிவில் ஒரு வரிகூட இல்லை. சென்னை, காரைக்கால் பலூன்கள் கடல் மட்டத்தை ஒட்டிக் கிளம்புகின்றன, ஆனால் அவை பிடிப்பது கடற்கரைக் காற்று. இரண்டாவது தப்பு, நேரம். காலை ஐந்தரைக்குரிய பதிவில் இரவின் குளிர்ச்சி தரையில் படிந்து கிடக்கும், கீழ்ப்பகுதி எப்போதுமே நிலையாகத்தான் தெரியும். மாலை ஐந்தரைப் பலூனுக்குக் காத்திருந்தால் அதற்குள் புளி கரைந்துவிடும். டிவியில் ‘ஓரிரு இடங்களில்’ என்று நிறுத்திக்கொள்வதும் இதனால்தான்.

நான் செய்திருக்க வேண்டியது வேறு. எங்கள் தொழிலில் இது பழைய பழக்கம்தான். பலூன் படத்தின் மேல்பாதியை அப்படியே வைத்துக்கொள்ளவேண்டும். 3 கிலோமீட்டருக்கு மேலே காற்று நூறு கிலோமீட்டருக்குள் அவ்வளவு சீக்கிரம் மாறாது. கீழ்ப்பாதியை அழித்துவிட்டு, அந்த இடத்தில் நம் ஊரின் மதிய வெப்பத்தையும் ஈரத்தையும் போட்டு, கோட்டை மறுபடி மேலே இழுக்கவேண்டும். நாங்கள் இழுக்கிற தாளுக்கு ‘டெஃபிகிராம்’ என்று பெயர். நேப்பியர் ஷா என்ற ஆங்கிலேயர் 1915-இல் அமைத்தது. சாய்ந்த கோடுகள், வளைந்த கோடுகள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று. முதலில் பார்ப்பவர்களுக்கு நெசவுத்தறி மாதிரி இருக்கும். அதில் அகப்படுகிற பரப்பளவே சக்தியின் அளவு என்பதுதான் அதன் அழகு. கேப் எவ்வளவு என்பதைக் கட்டம் எண்ணியே சொல்லிவிடலாம். இன்று கம்ப்யூட்டர் செய்கிறது. ஆனால் கையால் இழுத்தவனுக்குத்தான் எந்த மட்டத்தில் மூடி இருக்கிறது, அதைப் பிளக்க இன்னும் எத்தனை டிகிரி வேண்டும் என்பது விரலில் தெரியும்.

நல்லம்பள்ளியின் ஈரத்தை யார் தருவார்கள்? நீங்களேதான். ஒரே மாதிரி இரண்டு வெப்பமானி வாங்குங்கள். ஒன்றின் குமிழைச் சுத்தமான மெல்லிய பருத்தித் துணியால் சுற்றி, துணியின் நுனியை ஒரு குப்பித் தண்ணீரில் விடுங்கள். வெயில் படாத, காற்றோட்டமான நிழலில் இரண்டையும் மாட்டுங்கள். கொஞ்சம் விசிறிவிட்டால் இன்னும் நல்லது. ஈரத்துணி கட்டியது குறைவாகக் காட்டும். நான் சொன்ன இரண்டு நாளில், முதல் நாள் ஈரக்குமிழ் 21-ஐ ஒட்டிக் காட்டும். இரண்டாம் நாள் இருபத்து நாலரை. மூன்றரை டிகிரிதான் வித்தியாசம். வெயிலைக் காட்டுகிற வெப்பமானி இரண்டு நாளும் அதே 36-ல் நிற்கும், அதனிடம் கேட்டுப் பயனில்லை. பள்ளி ஆசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள். தினமும் மூன்று மணிக்கு இந்த இரண்டு எண்ணையும் பலகையில் எழுதி, மாலை மழை வந்ததா என்று பக்கத்தில் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு கோடை போனால் எந்த எண்ணுக்கு மேல் இந்த ஊரில் இடி இடிக்கும் என்பது பிள்ளைகளுக்கே தெரிந்துவிடும்.

வெளிநாட்டுச் சூத்திரங்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். இடிமழையைக் கணிக்கும் ஷோவால்டர் குறியீடு அமெரிக்காவில் வந்தது. ‘கே குறியீடு’ம் அமெரிக்காவில் பிறந்ததுதான். இரண்டும் 850 ஹெக்டோபாஸ்கல் அழுத்த மட்டத்தில், அதாவது ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் உள்ள ஈரத்தைக் கேட்கின்றன. அந்த மட்டம் சென்னைக்கு ஒன்றரை கிலோமீட்டர் மேலே, நமக்கு ஒரு கிலோமீட்டர் மேலே, பெங்களூருக்கு அறுநூறு மீட்டர் மேலே. ஒரே பெயர், மூன்று ஊருக்கு மூன்று பொருள். கோடையில் கடற்கரையோரம் கேப் மலைபோலக் குவிந்திருந்தும் ஒரு சொட்டு விழாத நாள்கள் ஏராளம், மூடி திறக்காததால். ‘செயற்கைக்கோள் இருக்கிறதே’ என்பீர்கள். 2013-இல் போன இன்சாட்-3டி, மேலிருந்தே வெப்பத்தையும் ஈரத்தையும் அடுக்கடுக்காக அளக்க அனுப்பப்பட்டது. அதற்குப் பின் 2016-இலும் 2024-இலும் அதன் தம்பிகள் போயிருக்கின்றன. ஆனால் தரையை ஒட்டிய காற்று அவற்றுக்கு மங்கலாகத்தான் தெரியும், மேகம் மறைத்தால் அதுவும் இல்லை. ரேடார் மழை உருவான பிறகு காட்டும். மின்னலுக்கு ‘தாமினி’ செயலி இருக்கிறது, புனே வெப்பமண்டல வானிலை நிறுவனம் கொடுத்தது. ஆடு மேய்க்கிறவர்கள் அவசியம் போட்டுக்கொள்ளுங்கள்.

முன்வரிசையில் பெரியவர் ஒருவர், நான் மேடை ஏறும்போதே ஒரு கேள்வி கேட்டார். “வத்தல்மலை மேல இடி இடிக்குது, கறுத்துக்கிட்டு நிக்குது, இங்க சில்லுன்னு காத்து மட்டும் வருது, தூறல்கூட இல்லை. ஏன் சாமி?”

மலைச் சரிவு வெயிலில் சீக்கிரம் சுடுகிறது, மோதுகிற காற்றையும் மேலே தள்ளிவிடுகிறது. அதனால் மூடி முதலில் அங்கே திறக்கும். அங்கே மழை கொட்டும்போது துளிகள் ஆவியாகிக் காற்றைக் குளிரவைக்க, அந்தக் கனத்த குளிர்காற்று சரிவில் இறங்கி ஊருக்குள் பரவுகிறது. மண்வாசனையோடு வருகிற அந்தச் சில்லிப்பு அதுதான். அது இரண்டில் ஒன்று செய்யும். நம் சூடான, ஈரமான அடிக்காற்றுக்குக் கீழே ஆப்புப்போல நுழைந்து அதை நெம்பி மேலே தூக்கினால், பத்து இருபது நிமிஷத்தில் நமக்கும் மழை. நெம்ப முடியாமல் நம் காற்றோடு கலந்து படிந்துவிட்டால், நம் சரக்கே குளிர்ந்துவிடும், அன்றைக்கு அவ்வளவுதான். எது நடந்தது என்று தெரிய பெங்களூருக்குப் போகவேண்டாம். மின்னல் அடங்கியபின் வெளியே வந்து துணி சுற்றிய வெப்பமானியைப் பாருங்கள். இருபத்து நாலில் இருந்தது இருபதுக்கு இறங்கியிருந்தால், புளியைத் திரும்ப விரிக்கலாம்.